சிறுமலை ஏறியும் விடாத காய்ச்சல்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்து, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு எக்செல் கிராஃப்ல இருந்து ஆரம்பிக்குது. நான் போட்ட கிராஃப்தான். அதைப் பத்திப் பேச இத்தனை வருஷம் ஆயிருக்கு.

2017 அக்டோபர். தமிழ்நாடு முழுக்க டெங்கு. அப்போ நான் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம். திண்டுக்கல்ல அப்பாவுக்குக் காய்ச்சல்னு அம்மா போன் பண்ணாங்க. பஸ் பிடிச்சு வந்து சேர்ந்தப்போ அப்பா ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். தட்டணு எண்ணிக்கை, அதாவது பிளேட்லெட், முதல் நாள் 1,10,000. அடுத்த நாள் 64,000. அதுக்கு அடுத்த நாள் 38,000. டாக்டர் பதட்டப்படவே இல்லை. "டிரிப்ஸ் போகுது, ரத்தக்கசிவு இல்லை, பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். நாங்கதான் பதறினோம்.

அன்னைக்குச் சாயங்காலம் பெரியப்பா ஒரு பாத்திரம் நிறைய பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்தார். அப்பா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சார். மறுநாள் 45,000. அதுக்கு மறுநாள் 80,000. அப்புறம் 1,40,000. வீட்டுக்கு வந்துட்டார்.

நான் என்ன பண்ணேன்? எக்செல்ல அந்த ஆறு எண்ணையும் போட்டு ஒரு கோடு வரைஞ்சேன். கோடு கீழே இறங்கி, அப்படியே திரும்பி மேலே ஏறுது. திரும்புற இடத்துல சிவப்பு அம்புக்குறி போட்டு, "இங்கே சாறு ஆரம்பம்"னு எழுதினேன். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "சும்மா பாட்டி வைத்தியம்னு சொல்லாதீங்க, இப்ப டேட்டாவே இருக்கு."

அந்தக் கிராஃப் என்ன பண்ணுச்சுங்கிறதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி 200 வருஷம் பின்னாடி போகணும். இதே ஊருக்கு. இன்னொரு காய்ச்சலுக்கு.

கோட்டை தெரியும், காய்ச்சல் தெரியாது

திண்டுக்கல் வரலாறுன்னு கேட்டா நம்ம எல்லாருக்கும் மலைக்கோட்டை ஞாபகம் வரும். நாயக்கர் காலத்துல கட்டினது. 1755ல் ஹைதர் அலி இங்கே ஃபவுஜ்தாரா வந்தார், அவர் எழுச்சியே இந்த ஊர்ல இருந்துதான் தொடங்குது. 1790ல் கம்பெனிப் படை கோட்டையைப் பிடிச்சது. 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் ஒப்பந்தத்துல திப்பு இந்தப் பகுதியை எழுதிக் கொடுத்தார். 1801ல் விருப்பாச்சி கோபால் நாயக்கரைத் தூக்குல போட்டாங்க. ஸ்கூல் டூர்ல போனவங்களுக்குக் கூட இதுல பாதி தெரியும்.

ஆனா 1809ல் இருந்து 1811 வரைக்கும் இந்தச் சமவெளியில ஒரு காய்ச்சல் அடிச்சது. அதைப் பத்தி நான் எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்துலயும் படிச்சதில்லை. கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி, இந்த நாலு சீமையிலயும் பல்லாயிரம் பேர் செத்தாங்க. விட்டு விட்டு வர்ற குளிர்காய்ச்சல். நம்ம ஊர்ல முறைக்காய்ச்சல்னு சொல்வாங்களே, அந்த வகை. இன்னைக்குப் பார்த்தா பெரும்பாலும் மலேரியாதான்.

சென்னை அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. மூணு டாக்டர்கள். அதுல முக்கியமானவர் ஒயிட்லா எய்ன்ஸ்லி. மூணு பேரும் சேர்ந்து எழுதின அறிக்கை 1816ல் லண்டன்ல புத்தகமா வந்தது. அதோட தலைப்பைக் கவனிங்க: மருத்துவ, புவியியல், வேளாண்மை அறிக்கை. ஒரு காய்ச்சலுக்கு எதுக்கு வேளாண்மை? ஏன்னா அவங்க நோயாளியை மட்டும் பார்க்கலை. மண்ணைப் பார்த்தாங்க, மழையைப் பார்த்தாங்க, மலையைப் பார்த்தாங்க, தண்ணி எங்கே தேங்குதுன்னு பார்த்தாங்க.

எய்ன்ஸ்லியை ஏதோ ஊர் தெரியாத வெள்ளைக்கார டாக்டர்னு நினைச்சுடாதீங்க. 1813லயே நம்ம நாட்டு மருந்துகளைப் பத்திப் பெரிய புத்தகம் போட்டவர். கடைத்தெருவுல கிடைக்கிற மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பேரோட பட்டியல் போட்டவர். உழைப்பாளி, கவனமானவர். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அடுத்து நான் சொல்லப்போறது முட்டாள்களோட கதை இல்லை.

எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ்

அந்தக் காலத்து மருத்துவத்துல காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று. சதுப்பு நிலத்துல, அழுகின இலைதழையில, தேங்கின தண்ணியில இருந்து ஒரு நச்சு ஆவி எழும்பும். அது மூச்சு வழியா உடம்புக்குள்ள போகும், காய்ச்சல் வரும். மலேரியாங்கிற பேரே இத்தாலிய மொழியில கெட்ட காற்றுன்னுதான் அர்த்தம். பருவம் தப்பின மழை, தேங்கின ஈரம், அதுல இருந்து எழும்புற ஆவி: கமிட்டியோட யோசனையும் இந்தத் திசையிலதான் போச்சு.

கேட்டா சிரிப்பு வரும். ஆனா ஒரு நிமிஷம் அவங்க இடத்துல நின்னு பாருங்க.

மழை அதிகமான வருஷம் காய்ச்சல் அதிகம். உண்மை. தண்ணி தேங்குற இடத்துக்குப் பக்கத்துல காய்ச்சல் அதிகம். உண்மை. ராத்திரி வெளியில படுக்கிறவங்களுக்கு அதிகம். உண்மை. மலையடிவாரக் காட்டுல தங்கினா அதிகம். உண்மை. உயரமா போகப் போகக் குறையுது. அதுவும் உண்மை.

அஞ்சு டெஸ்ட் கேஸ், அஞ்சும் பாஸ். நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு கோடு இருந்தா கண்ணை மூடிக்கிட்டு புரொடக்‌ஷனுக்கு அனுப்பிடுவோம். ஒவ்வொரு கவனிப்பும் சரி, முடிவு மட்டும் தப்பு. ஏன்னா அந்த அஞ்சு இடத்துலயும் காற்றோட சேர்ந்து இன்னொண்ணும் பறந்துக்கிட்டு இருந்தது. கொசு. அது எல்லாரையும் கடிச்சது. எல்லாரும் அதை அடிச்சாங்க. யாரும் அதைச் சந்தேகப்படலை. கொசு ஒரு தொல்லை, அவ்வளவுதான். தொல்லை எப்படி எமனாகும்?

இன்னொரு விஷயம். கெட்ட காற்றுன்னு நம்பினவங்க செய்யச் சொன்ன வேலைகளைப் பாருங்க. தேங்கின தண்ணியை வடிச்சு விடு. சாயங்காலம் ஆனா கதவைச் சாத்து. வெளியில படுக்காதே. மேட்டுல வீடு கட்டு. இத்தனையும் கொசுவுக்கு எதிரா ஓரளவு வேலை செய்யும்! காரணம் தப்பு, பலன் சரி. பலன் சரியா வந்ததால காரணமும் சரின்னு ஆகிப்போச்சு. பொய்யான நம்பிக்கை எப்பவும் தோத்துக்கிட்டே இருந்தா அதை விட்டுடுவோம். அப்பப்போ ஜெயிக்கிற பொய்யை விடுறதுதான் கஷ்டம்.

சிறுமலையில இருந்து கொடைக்கானலுக்கு

இந்தக் கதையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

1834ல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தாங்க. கொஞ்ச நாள்லயே திண்டுக்கல் பக்கமும் வேலையை ஆரம்பிச்சாங்க. காய்ச்சலும் காலராவும் அவங்களைச் சும்மா விடலை. குடும்பத்தோட வந்தவங்க மனைவியையும் குழந்தையையும் இங்கேயே புதைச்சாங்க. பிழைக்கணும்னா கீழ்க்காற்றுல இருந்து தப்பிக்கணும், அதாவது மேலே போகணும். பக்கத்துல எந்த மலை? நம்ம சிறுமலை. வாழைப்பழத்துக்குப் பேர்போன சிறுமலையேதான். அங்கே ஓய்வில்லம் மாதிரி ஒரு இடம் அமைச்சுப் பார்த்தாங்க. சுமார் 1,300 மீட்டர் உயரம்.

காய்ச்சல் அங்கேயும் வந்தது.

இப்போ யோசிங்க. உங்க கொள்கை, "கெட்ட காற்று கீழேதான் இருக்கு, மேலே போனா தப்பிக்கலாம்"னு சொல்லுது. மேலே போனீங்க. தப்பிக்கலை. நியாயமா என்ன பண்ணணும்? கொள்கையைச் சந்தேகப்படணும். ஆனா அவங்க எடுத்த முடிவு வேற: இந்த உயரம் போதலை, இன்னும் மேலே போகணும்.

1845ல் பழனி மலைத்தொடர் மேல ஏறினாங்க. கொடைக்கானல்ல முதல் ரெண்டு பங்களாவைக் கட்டினாங்க. சுமார் 2,100 மீட்டர். அங்கே காய்ச்சல் வரலை. அப்படிப் பிறந்த ஊர்தான் நம்ம ஹனிமூன் போற, காலேஜ் டூர் போற, பிரையன்ட் பார்க்ல போட்டோ எடுக்கிற கொடைக்கானல்.

இதுல யார் ஜெயிச்சா? அவங்க பிழைச்சாங்க, அது நிஜம். ஆனா கொடைக்கானல் காப்பாத்தினதுக்குக் காரணம் நல்ல காற்று இல்லை. குளிர். மலேரியாக் கிருமி கொசு உடம்புக்குள்ள வளர்றதுக்கு வெப்பம் வேணும். சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனா அதோட வளர்ச்சி நின்னுடும். கொசுவுக்கும் அந்தக் குளிர் ஒத்துவராது. சிறுமலையோட உயரத்துல அந்த அளவு குளிர் இல்லை.

நான் இதைப் படிச்சப்போ முதல்ல அவங்களைப் பார்த்துச் சிரிச்சேன். அப்புறம் என்னையே கேட்டுப் பார்த்தேன். போன மாசம் சர்வர் தொங்கினப்போ நான் என்ன பண்ணேன்? மெமரியைக் கூட்டினேன். சரியாகலை. இன்னும் கூட்டினேன். சரியாச்சு. "மெமரி பத்தலை"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டுத் தூங்கப் போயிட்டேன். நிஜக் காரணம் என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க டீம்ல யாருக்கும் தெரியாது. அது என்னோட கொடைக்கானல்.

கோட்டை மாரியம்மன் வாசல்ல

"வெள்ளைக்காரனுக்குத் தெரியலை, நம்ம முன்னோர்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது"ன்னு இப்போ யாராவது கமெண்ட் போட ரெடியா இருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க.

எங்க ஊர் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா எனக்குச் சின்ன வயசுல இருந்தே உயிர். மலைக்கோட்டை அடிவாரத்துல அந்தக் கூட்டத்துல அப்பா தோள் மேல உட்கார்ந்து பார்த்தவன் நான். அம்மை வந்தா "அம்மா வந்திருக்கா"ன்னு சொல்ற வீட்டுல வளர்ந்தவன். எனக்குச் சின்னம்மை வந்தப்போ வாசல்ல வேப்பிலை சொருகினாங்க. வெளி ஆள் யாரும் உள்ளே வரலை. நானும் வெளியே போகலை. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் தனிப் பாய், தனித் தட்டு. தாளிப்பு வாசனை கூட ஆகாதுன்னு சாப்பாடு வேற.

இதைத் தனிமைப்படுத்தல்னு இன்னைக்கு அழகா சொல்லலாம். ஊர்ல காப்புக் கட்டிட்டா உள்ளூர்க்காரன் வெளியூர்ல தங்கக் கூடாதுன்னு சொல்றதுக்கும் அதே மாதிரி ஒரு விளக்கம் கொடுக்கலாம். பலன் இருந்திருக்கும். ஆனா நம்ம பாட்டி அதை வைரஸுக்குப் பயந்து செய்யலை. அம்மன் மேல இருந்த பயபக்தியில செய்தா. "அறிவியலை ஆன்மிகமா ஒளிச்சு வச்சாங்க"ன்னு நாம சொல்றது, பாட்டி நம்பாத ஒண்ணைப் பாட்டி வாயில திணிக்கிறது. அது பாட்டிக்கு மரியாதை இல்லை.

அப்போ பாட்டியோட வேப்பிலையும் மிஷனரியோட கொடைக்கானலும் ஒரே கட்சி. ரெண்டு பேரும் பயந்தாங்க, ரெண்டு பேர்கிட்டயும் ஒரு கதை இருந்தது, ரெண்டு பேரும் அந்தக் கதைப்படி நடந்தாங்க, சில நேரம் பிழைச்சாங்க. செத்தவங்க வந்து கதை தப்புன்னு சொல்றதில்லை.

கொசுத் தண்ணி குடிச்சவங்க

"அதெல்லாம் பழைய காலம், அப்புறம் விஞ்ஞானம் வந்து எல்லாம் தெளிவாயிடுச்சு"ன்னு நினைப்போம். அங்கேயும் ஒரு வேடிக்கை இருக்கு.

1880ல் அல்ஜீரியாவுல லாவரான்ங்கிற பிரெஞ்சு ராணுவ டாக்டர், காய்ச்சல்காரங்க ரத்தத்துல அந்தக் கிருமியைப் பார்த்துட்டார். அப்போ கிருமி தெரிஞ்சுபோச்சு. அது உடம்புக்குள்ள எப்படிப் போகுதுன்னு தெரியலை. லண்டன்ல பேட்ரிக் மான்சன்னு ஒரு பெரிய டாக்டர் கொசு மேல சந்தேகப்பட்டார். சரியான சந்தேகம்! ஆனா அவர் சொன்ன வழி: கொசு நோயாளியோட ரத்தத்தைக் குடிக்கும், தண்ணியில முட்டை போட்டுச் சாகும், அந்தத் தண்ணியைக் குடிச்ச மனுஷனுக்குக் காய்ச்சல் வரும்.

இதை நம்பி இந்தியாவுல சோதனை பண்ணவர் ரொனால்ட் ராஸ், சென்னை மாகாணப் பிரிவுல இருந்த ராணுவ டாக்டர். 1895ல் கொசு செத்துக் கிடந்த தண்ணியைக் கூலிக்கு வந்த நம்ம ஆளுங்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். அந்தக் காலத்துல கேள்வி கேட்க ஆள் இல்லை, அது தனிக் கதை. முதல்ல குடிச்சவங்கள்ல ஒருத்தருக்குச் சில நாள்ல காய்ச்சல் வந்துச்சு! ராஸுக்கு எப்படி இருந்திருக்கும்? கொள்கை நிரூபணம் ஆயிடுச்சு.

இந்த இடத்துலதான் ராஸ் என்னைவிட, சிறுமலை ஏறினவங்களைவிட, ஒரு படி மேல நிக்கிறார். அவர் அந்த ஒருத்தரோட நிறுத்தலை. இன்னும் பல பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் வரலை. தன் குருவோட கொள்கை, தனக்கே ஒரு தடவை பலிச்ச கொள்கை, அதைக் கைவிட்டார். அப்புறம்தான் கொசு கடிக்கிற வழியைத் துருவினார். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத். நோயாளி ரத்தம் குடிச்ச ஒரு அனோபிலிஸ் கொசுவோட வயித்துல கிருமியைக் கண்டுபிடிச்சார். அந்த நோயாளிக்குக் கடிச்ச கொசு ஒண்ணுக்கு ஒரு அணா கூலி. 1902ல் ராஸுக்கு நோபல் பரிசு.

திண்டுக்கல் கமிட்டி அறிக்கை வந்து 81 வருஷம் ஆகியிருந்தது.

சரி, இப்போ காரணம் தெரிஞ்சாச்சு. இனிமே தப்பு பண்ண மாட்டோம்தானே? சுதந்திர இந்தியா 1953ல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பிச்சது. அப்போ வருஷத்துக்கு சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியான்னு மதிப்பீடு. வீடு வீடா டிடிடி அடிச்சாங்க. 1965ல் அது சுமார் ஒரு லட்சமா இறங்கிடுச்சு. உலகமே கை தட்டின சாதனை. "ஒழிச்சாச்சு"ங்கிற நம்பிக்கை வந்தது. கவனம் குறைஞ்சது, பணம் குறைஞ்சது, கொசுவும் டிடிடிக்குப் பழகிடுச்சு. 1976ல் 64 லட்சம் பேர்.

இந்தத் தடவை நம்பின விஷயம் பொய் கூட இல்லை. கொசுதான் காரணம்ங்கிறது உண்மை, டிடிடி கொல்லும்ங்கிறதும் உண்மை. "முடிஞ்சது"ன்னு நம்பினதுதான் தப்பு.

மறுபடியும் அந்தக் கிராஃப்

அப்பா வீட்டுக்கு வந்து மூணு வாரம் இருக்கும். சின்னாளபட்டியில இருக்கிற சித்திக்குக் காய்ச்சல். நாலு நாள் கொதிச்சது. சித்தப்பா காலையும் சாயங்காலமும் பப்பாளி இலை அரைச்சுக் கொடுத்தார். அஞ்சாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு. குரூப்ல சித்தப்பா கை கூப்புற ஸ்மைலி போட்டார். நான் பைசெப்ஸ் ஸ்மைலி போட்டேன்.

டெங்கு பத்தி நான் அப்புறமா கத்துக்கிட்டதை இங்கே சொல்லிடுறேன், ஏன்னா இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும். டெங்குவுல காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான் சில பேருக்கு ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு ரத்த அழுத்தம் விழும். கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ரத்தக்கசிவு, அசதியா சுருண்டு படுக்கிறது, சிறுநீர் குறையுறது: இதுல எது வந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அந்தக் கட்டத்தைத் தாண்டினவங்களுக்குத் தட்டணு தானாவே ஏறும். சாறு குடிச்சாலும் ஏறும், குடிக்காட்டியும் ஏறும்.

என் கிராஃப்ல அம்புக்குறி போட்ட இடத்தைத் திரும்பப் பாருங்க. அப்பாவோட எண்ணிக்கை அதலபாதாளத்துல இருந்த சாயங்காலம்தான் நாங்க பயந்தோம். பயந்ததாலதான் சாறு கொடுத்தோம். அதலபாதாளத்துக்கு அப்புறம் ஏறத்தான் வேணும். எந்த வைத்தியத்தையும் நாம நல்லா இருக்கும்போது ஆரம்பிக்கிறதில்லை. ரொம்ப மோசமான நாள்லதான் ஆரம்பிக்கிறோம். அதனால எதை ஆரம்பிச்சாலும் அடுத்த நாள் அது பலிச்ச மாதிரித்தான் தெரியும். பப்பாளி இலையைப் பத்திச் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. ஆனா டெங்கு மரணத்தை அது தடுக்கும்னு நிரூபணம் இல்லை. என் கையில இருந்தது ஒரு அப்பா, ஆறு எண், ஒரு அம்புக்குறி.

சித்திக்குக் காய்ச்சல் விட்ட அன்னைக்கு ராத்திரி வயித்துவலி. சாறோட கசப்புனு நினைச்சாங்க. வாந்தி. சாறு சேரலைன்னு நினைச்சாங்க. மறுநாள் மத்தியானம் எழுந்து நிக்க முடியலைன்னதும்தான் தூக்கிட்டு ஓடினாங்க. அஞ்சு நாள் ஐசியு. ரெண்டாவது நாள் ராத்திரி டாக்டர் சித்தப்பாகிட்ட, "எதுக்கும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க"ன்னு சொன்னார்.

சித்தி பிழைச்சுட்டாங்க. இன்னைக்கும் நல்லா இருக்காங்க. இந்த எபிசோட்ல தன் கதையைச் சொல்லலாம்னு அவங்களே சம்மதம் கொடுத்தாங்க.

ஆனா ஐசியு வெளியில, பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருந்த சித்தப்பா என்கிட்ட ஒண்ணு சொன்னார். திட்டலை. கோபம் கூட இல்லை. "நீ அனுப்புன படத்தைப் பார்த்துத்தான் தம்பி தைரியமா இருந்தோம்"னார். "இன்ஜினியருக்குப் படிக்கிற பையன், கணக்குப் போட்டு அனுப்பியிருக்கான்னு."

பாட்டி சொல்லியிருந்தா சித்தப்பா பாதிதான் நம்பியிருப்பார். ஃபார்வர்டா வந்திருந்தா கால்வாசி. நான் கிராஃப் போட்டதால முழுசா நம்பினார். கெட்ட காற்றுக்கு எய்ன்ஸ்லி கமிட்டி கொடுத்த புத்தகம் மாதிரி, பப்பாளி இலைக்கு நான் ஒரு எக்செல் கொடுத்துட்டேன்.

அப்போ எதையும் நம்பக் கூடாதா?

அப்படிச் சொல்ல வரலை. நம்பாம ஒருத்தன் பஸ்ல கூட ஏற முடியாது. 1809ல் பக்கத்து வீட்டுல ஒவ்வொருத்தரா சாகும்போது, "போதுமான ஆதாரம் இல்லை"ன்னு எந்தத் தாயும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டா. எதையாவது பிடிச்சுக்கத்தான் செய்வா. அதை முட்டாள்தனம்னு ஏசியில உட்கார்ந்து சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. நான் இருபது வயசுல, கையில இன்டர்நெட் வச்சுக்கிட்டு, அதையேதான் பண்ணேன்.

நான் இப்போ பண்றது ஒண்ணே ஒண்ணுதான். ஏதாவது பலிச்சதுன்னா, பலிச்ச சந்தோஷத்துலயே ஒரு கேள்வி கேட்டுக்கிறேன்: இதைச் செய்யாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? தோத்தப்போ எல்லாரும் காரணம் தேடுவோம். ஜெயிச்சப்போ யாரும் தேடுறதில்லை. ராஸ் தேடினார், ஒரு தடவை பலிச்ச பிறகும் தேடினார். அது ஒண்ணுதான் வித்தியாசம்.

அப்பா இன்னும் மாறலை. எங்க வீட்டுக் கொல்லையில பப்பாளி மரம் நிக்குது. தெருவுல யாருக்குக் காய்ச்சல்னாலும் இலை பறிச்சுக் கொடுக்கிறார். நான் முன்ன மாதிரி சண்டை போடுறதில்லை. இலையோட சேர்த்து ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கேன். அதுல நான் மேல சொன்ன அஞ்சு அறிகுறியும், 108ங்கிற நம்பரும் இருக்கு. அப்பா முதல்ல முணுமுணுத்தார். இப்போ சீட்டு தீர்ந்துபோனா அவரே, "டேய், அந்தப் பேப்பர் பிரின்ட் எடுத்து அனுப்பு"ன்னு போன் பண்றார்.

குரூப்ல அந்தக் கிராஃப் இன்னும் இருக்கு. அழிக்க முடியலை, நேரம் கடந்துபோச்சு. ஸ்க்ரோல் பண்ணிப் போனா சிவப்பு அம்புக்குறியோட அப்படியே நிக்குது. அதுக்கு ரிப்ளை போட்டு, "இது தப்பு, நான் போட்டதுதான், நம்பாதீங்க"ன்னு எழுதி வச்சிருக்கேன். அதுக்கு ஒரே ஒரு லைக். சித்தி.

மழைக்காலம் வரப்போகுது. மாடியில இருக்கிற பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்வை பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வணக்கம்.